கிடைக்காத காடிப் பாகங்களை வீட்டில் செய்வது: ஸ்கேன் பண்ணினால் போதுமா?

கேள்வி, கோலாலம்பூர் செந்தூலிலிருந்து, 11 ஆகஸ்ட் 2024

தாத்தாவோட 1953 ஆஸ்டின் ஏ40 சாமர்செட் கார் பத்து வருஷமா கொட்டகையில நிக்குது. எஞ்சின் ஓடுது. கிளட்ச் பெடல் ஆடுது, உள்ளே புஷ் (தண்டு சுழல்ற குழாய் மாதிரி வளையம்) போயிடுச்சு. முன் இடது கதவுல கண்ணாடி ஏத்துற கைப்பிடி ரெண்டா உடைஞ்சுடுச்சு. வலது பக்கத்துது நல்லா இருக்கு, கனமா, கல்லு மாதிரி. என்கிட்ட 3டி பிரிண்டர் இருக்கு, நண்பர்கிட்ட ஸ்கேனர் இருக்கு. ஸ்கேன் பண்ணி, பிரிண்ட் பண்ணி, தேவைப்பட்டா அதை வச்சே வார்த்துக்கலாம். எந்தப் பழைய பாகத்தையும் இப்படியே செஞ்சுடலாம்னு நான் சொல்றேன், வீட்டுல ஒருத்தரும் நம்பல. சரிதானே?

12 ஆகஸ்ட் 2024

பாதி சரி. ஸ்கேனர் இப்போது இருப்பதைக் காட்டும். எழுபது வருடத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் டூல் ரூமில் (அச்சும் கருவியும் செய்யும் பட்டறை) வேலை செய்தவன். இப்போது ஜெலுத்தோங்கில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, அதில் ஒரு பழைய மைஃபோர்ட் எம்எல்7 லேத், ஒரு சின்ன மில்லிங் இயந்திரம், மனைவி எண்ணிப் பார்க்காதவரை பிரச்சினை இல்லாத எண்ணிக்கையில் அரங்கள். இவ்வளவு அனுபவத்தோடு என் முதல் காடிக்கு நான் செய்த முதல் பாகம் ஒரு பெடல் புஷ். பழைய புஷ்ஷைக் கழற்றினேன், துளையை அளந்தேன், 19.3 மி.மீ. என்று வந்தது. அதே அளவில் வெண்கலத்தில் கடைந்து மாட்டினேன். பளபளவென்று புதுப் புஷ், உள்ளே அதே பழைய ஆட்டம். தேய்ந்ததை அளந்து தேய்ந்ததையே புதிதாகச் செய்திருக்கிறேன். ஒரு பயிற்சிப் பையன் டூல் ரூமில் இதைச் செய்திருந்தால் அன்று முழுக்கத் திட்டியிருப்பேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. குப்பையில் போட்ட புஷ்ஷை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஒரு முனையில் இரண்டு மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம், மற்ற இடத்தைவிட மங்கலாக, பழைய கடைசல் கோடுகளோடு அப்படியே இருந்தது. தண்டு அங்கே தொட்டதே இல்லை. அங்கே அளந்தால் 19.07. அதாவது முக்கால் அங்குலம், 19.05. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காடியின் வரைபடத்தில் அங்குலப் பின்னம்தான் இருக்கும். அளவு பின்னத்துக்குப் பக்கத்தில் வந்தால் பின்னத்தை நம்புங்கள், வெர்னியர் அளவியை நம்பாதீர்கள். எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது எதுவும் உரசாத ஒரு இடம். வாஷருக்கு அடியில், பல்லின் ஓரத்தில், எங்கேயாவது இருக்கும்.

உங்கள் பெடல் புஷ்ஷுக்கு லேத் போதும். அழுத்தி ஏற்றிய பிறகு துளை கொஞ்சம் சுருங்கும், ரீமர் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) போட்டு அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

13 ஆகஸ்ட் 2024

நேற்று ரீமர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். திடவெண்கலப் புஷ் என்றால் சரி. ஆயிலைட் மாதிரி தூள் வெண்கலத்தை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ் என்றால் ரீமர் போடாதீர்கள். அதன் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்துளைகள், அவற்றில் எண்ணெய் நிற்கிறது. ரீமரோ மழுங்கிய கத்தியோ அந்தத் துளைகளின் வாயைத் தேய்த்து அடைத்துவிடும், அப்புறம் அது வெறும் மோசமான வெண்கலம். அதற்கு முறை வேறு. துளைக்கு வேண்டிய கடைசி அளவில் ஒரு எஃகு உருளை கடைந்து, அதைப் புஷ்ஷுக்குள் விட்டு, அதோடு சேர்த்து அழுத்த வேண்டும். துளை உருளையின் அளவுக்கே வந்து நிற்கும்.

எது எது என்று தெரியாவிட்டால் பழைய புஷ்ஷை லேசாகச் சூடு காட்டுங்கள். ஆயிலைட் என்றால் வேர்க்கும்.

20 ஆகஸ்ட் 2024

தம்பி கேட்டது: "சின்ன லேத் வாங்கணுமா?"

வாங்குங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாதம் தேடுங்கள். இங்கிலாந்தில் இந்த மாதிரி காடிகளுக்கு உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன, அவர்களே சில பாகங்களை மறுபடி செய்து விற்கிறார்கள். மோரிஸ் மைனர் வைத்திருப்பவன் கிட்டத்தட்ட முழுக் காடியையும் தபாலில் வாங்கிவிடலாம். சாமர்செட்டுக்கு அவ்வளவு கிடையாது, 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். ஆனாலும் திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து கை மாதிரி நீட்டும் அந்தத் திசைகாட்டி லூக்காஸ் கம்பெனிச் சரக்கு, பல காடிகளுக்குப் பொது. அதன் மஞ்சள் கண்ணாடியை வீட்டில் வார்க்க நான் ஒரு மாதம் செலவழித்தேன். பிறகு பார்த்தால் அது விற்பனைக்கே இருக்கிறது.

இங்கே பினாங்கில் என்றால் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை. காலையிலேயே போக வேண்டும். பத்துப் போனால் ஒன்பது தடவை வெறுங்கை, பத்தாவது தடவை ஒரு பெட்டி நிறைய விட்வொர்த் டேப்பு, அதாவது பழைய பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவி.

டேப்பு என்றதும் மரை விஷயம். அந்தக் காலத்துக் காடியில் இருக்கும் மரைகளை எண்ணினால் நமக்கு மரை கழன்றுவிடும். பழைய பிரிட்டிஷ் மரைக்குப் பல்லின் கோணம் 55 டிகிரி. 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒப்புக்கொண்ட யுனிஃபைட் மரைக்கு 60. உங்கள் 1953 வண்டி அந்த மாற்றத்தின் நடுவில் பிறந்தது, இரண்டும் கலந்து கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கால் அங்குல பிஎஸ்எஃப் (பழைய பிரிட்டிஷ் நுண்மரை) என்றால் அங்குலத்துக்கு 26 பல், கால் அங்குல யுஎன்எஃப் (யுனிஃபைட் நுண்மரை) என்றால் 28. கண்ணுக்கு ஒன்றுதான். நட்டு இரண்டு சுற்று சமத்தாக ஏறும், மூன்றாவதில் இறுகும், "துரு" என்று நினைத்து ஸ்பேனரை அழுத்துவோம், அதோடு முடிந்தது. மீட்டர்களிலும் மின்சாமான்களிலும் பிஏ என்று தனிக் குடும்பம், கோணம் 47½. அதை அங்குலக்காரன் மில்லிமீட்டரில் நிர்ணயித்தான் என்பது இன்னொரு கூத்து.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து எம்ஜி டிடி காடியின் எஞ்சின். மரை மெட்ரிக், தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு. மோரிஸ்காரர்கள் 1923-ல் கோவன்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஆலையை வாங்கினார்கள், இயந்திரமெல்லாம் பிரெஞ்சு மரைக்கு. இயந்திரத்தை மாற்றச் செலவாகும், ஊர் மெக்கானிக்கின் கையில் இருக்கிற ஸ்பேனரையும் மாற்ற முடியாது. மருமகள் பிரெஞ்சு, சமையல் மாமியார் கைப்பக்குவம்.

மரை அளக்கும் சீப்பு வாங்குங்கள். லேத்துக்கு முன்னால் அதுதான்.

2 செப்டம்பர் 2024

தம்பி கைப்பிடியைப் பிரிண்ட் பண்ணி மாட்டி, படமும் அனுப்பியிருந்தார். அழகாகத்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து இரண்டாவது படம், கைப்பிடி வாழைப்பழத் தோல் மாதிரி தொங்குகிறது. பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகும். நம் ஊர் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காடிக்குள் அதெல்லாம் ஒரு சூடே இல்லை. ஏஎஸ்ஏ என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்தால் தாங்கும், வெயிலில் வெளுக்காது, ஆனால் கைப்பிடியைச் சுற்றும்போது அடியில் இருக்கும் சதுரத் துளையில்தான் எல்லா விசையும் விழுகிறது. பிளாஸ்டிக்கின் சதுரம் சீக்கிரம் வட்டமாகிவிடும்.

சிரிக்கவில்லை. நான் திசைகாட்டிக் கண்ணாடியில் விட்டதில் இது கால்வாசி.

22 செப்டம்பர் 2024

உடைந்த இடது கைப்பிடி கூரியரில் வந்து சேர்ந்தது. மேலே குரோம் கொப்புளம், உடைந்த முகத்தில் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று, பழைய ரஸ்க் மாதிரி. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. இது மசாக், துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த கலவை. அச்சுக்குள் அழுத்தி வார்க்க மிகவும் சுலபம், அதனால் கைப்பிடி, கார்புரேட்டர் உடல், சின்னம் என்று எல்லாவற்றையும் அதிலேயே செய்தார்கள். கலவையில் துளி ஈயம் சேர்ந்துவிட்டாலும் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

இதை ஒட்ட முடியாது, பற்றவைக்கவும் முடியாது. பித்தளையில் வார்த்துவிடலாம். பித்தளைமேல் நேரடியாக நிக்கல் ஏறும், நூறு வருடம் நிற்கும்.

உடைந்ததை அளந்து பயனில்லை, அரிப்பில் ஊதிப் போயிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வலது கைப்பிடியை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொன்னேன். ஆமாம், ஸ்கேன்தான். ஆகஸ்டில் நான் சொன்னதைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேயாத, வளைந்த, அலங்காரமான பாகத்துக்கு ஸ்கேனரை மிஞ்ச என் கையால் முடியாது.

அளவு வந்துவிட்டது: துளை மையத்திலிருந்து குமிழ் மையம் வரை 84.4 மி.மீ.

23 செப்டம்பர் 2024

வார்ப்புக்கு அச்சு எடுக்கும்போது ஒரு விஷயம். உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் 1.3, பித்தளை 1.5. அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும்.

என் பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வார்ப்புக்கான மரஅச்சு செய்பவர். அந்தப் பட்டறைமேல் 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார், அதை விட்டால் மரம், மரத்தை விட்டால் குண்டு. அவர் போன பிறகு பெட்டியிலிருந்து ஒரு எஃகு அடிக்கோல் எனக்கு வந்தது. நல்ல கோல், எழுத்தெல்லாம் தெளிவு. அதை வைத்து ஒரு அலமாரி செய்தேன். எதுவும் எதோடும் சேரவில்லை. ஒரு வாரம் என் கையையே சந்தேகப்பட்டேன். பிறகு வேறு கோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியப்பாவின் ஒரு அடி, உலகத்தின் ஒரு அடியைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளம்! வார்ப்பிரும்பின் சுருக்கத்தைக் கோலிலேயே சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். அச்சுக்காரர் கணக்கே போட வேண்டாம், கோல் சொன்னபடி வெட்டினால் போதும்.

அலமாரி இன்னும் இருக்கிறது. கதவு மூடாது.

இப்போது கோல் வேண்டியதில்லை, பிரிண்டரில் 101.5 சதவீதம் என்று போட்டால் முடிந்தது. தம்பி அப்படியே பிரிண்ட் பண்ணி அனுப்புகிறார், அதை மணலில் பதித்து வார்க்க வேண்டியதுதான். பிஎல்ஏவுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டது.

27 அக்டோபர் 2024

தீபாவளிக்கு நான்கு நாள். வீட்டில் முறுக்கு, பின்னால் உலை. வாசனை இரண்டும் கலக்கக் கூடாது என்று எச்சரிக்கை வந்திருக்கிறது.

பித்தளைக்கு எங்கே போவது என்று யோசித்தேன். லோரோங் கூலிட்டில் தண்டு உடைந்த ஒரு குத்துவிளக்கு கிடைத்தது, மலிவு. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மனைவி பார்த்தாள். "விளக்கை உருக்கிக் காடிக்குக் கைப்பிடி பண்ணப் போறீங்களா?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு இப்போது தண்டு ஒட்டப்பட்டு சாமி அறையில் இருக்கிறது, ஒட்டியவன் நான்தான். பித்தளைக்குப் பழைய தண்ணீர்க் குழாய்கள் வாங்கிக்கொண்டேன்.

முதலில் அலுமினியத்தில் ஒத்திகை. குளிர்பானக் கேன்களை உருக்காதீர்கள், பாதி கசடாகத்தான் போகும். மோட்டார் சைக்கிள் பட்டறையில் பழைய பிஸ்டன் கேளுங்கள். சிலிக்கன் கூடிய கலவை, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும்.

மணல் பற்றியும் கேட்டிருந்தார்கள். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் அள்ளிக்கொள்ளலாம் என்று ஒருவர். வேண்டாம். உப்பு, கிளிஞ்சல் துண்டு, சூடு பட்டால் வாயு. சிலிக்கா மணலும் பென்டோனைட் களிமண்ணும் வாங்குங்கள். பத்துக்கு ஒன்று, கொஞ்சம் தண்ணீர். கையில் பிடித்து இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும், இரண்டாக உடைத்தால் சுத்தமாக உடைய வேண்டும்.

28 அக்டோபர் 2024

மழை.

10 நவம்பர் 2024

ஒத்திகை வார்ப்பை அறுத்துப் பார்த்தேன். உள்ளே குண்டூசி குத்தினது மாதிரி நூறு துளை. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனைக் குடிக்கிறது, ஆறும்போது துப்புகிறது. அக்டோபர் மழையில், மூடாத சாக்கில் கிடந்த பிஸ்டன்களைத் துடைத்துவிட்டு அப்படியே உலையில் போட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும். இப்போது எல்லாவற்றையும் உலைமேல் வைத்துக் காயவைத்துவிட்டுத்தான் உள்ளே போடுகிறேன்.

ஈரத்தில் இன்னொரு பயம், இதை மட்டும் விளையாட்டாகப் படிக்காதீர்கள். உலோகத்தைச் சிமெண்டுத் தரைமேல் ஊற்றாதீர்கள், ஊற்றும் இடத்துக்கு அடியில் காய்ந்த மணல் ஒரு சாண் இருக்கட்டும். சிமெண்டுக்குள் ஈரம் இருக்கிறது. சூடான உலோகம் விழுந்தால் அது நீராவியாகித் தரை வெடிக்கும், உலோகம் மேலே வரும். என் வலது காலணியில் ஒரு ஓட்டை இருக்கிறது. காலில் இல்லை, தப்பித்தேன்.

17 நவம்பர் 2024

பித்தளை ஊற்றியாயிற்று. நான்கில் இரண்டு தேறின.

பித்தளை 900 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதில் இருக்கும் துத்தநாகம் தனியாக என்றால் 907-லேயே கொதித்துவிடும். ஆகவே கொஞ்சம் சூடு மிஞ்சினால் வெள்ளைப் புகை கிளம்பும், பஞ்சு மாதிரி சுவரில் ஒட்டும். அதை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும். இளவயதில் ஒருமுறை பட்டிருக்கிறேன், மலேரியாவோ என்று பயந்து மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லாமல் எழுந்தேன். மேலே கரித்தூள் போட்டு மூடி, காற்று என் முதுகிலிருந்து வரும்படி நின்று ஊற்றினேன்.

மணலைத் தட்டி எடுத்து, உலோகம் ஓடிய வாய்க்காலை அறுத்து, முதல் அரம் போட்டபோது அந்தக் கைப்பிடியின் கழுத்து வளைவு அப்படியே வந்திருந்தது, பிரிண்டரின் படிக்கட்டுக் கோடுகள் உட்பட. பிரிண்டை முதலிலேயே தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால் அரம் வேலை மிச்சம். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகிலேயே நகக்கண் வரை முடித்துவிடுவார்கள் என்பது ஏன் என்று இரண்டு நாள் அரம் பிடித்த பிறகு புரிந்தது.

15 டிசம்பர் 2024

ரப்பர் பற்றிக் கேட்டவருக்கு. கதவு ஓரப் பட்டை மாதிரி நீளமானவற்றை வாங்கிக்கொள்ளலாம். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உட்காரும் கட்டை, ஒயர் நுழையும் வளையம், இவற்றை வார்க்கலாம். பழையதைச் சுத்தம் செய்து சிலிக்கோனில் அச்சு எடுத்து பாலியூரித்தேன் ஊற்றுவது. இங்கேயும் அதே கதை. எழுபது வருடம் எஞ்சின் உட்கார்ந்து நசுங்கிய கட்டையை அச்சு எடுத்தால் நசுங்கின கட்டைதான் வரும். அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் விளிம்பைப் பாருங்கள், ரப்பர் முதலில் எதுவரை இருந்தது என்று அங்கே ஒரு கோடு இருக்கும்.

என் முதல் அச்சு கெட்டியே ஆகவில்லை, பாகு மாதிரி நின்றது. காரணம் சுற்றுச்சுவருக்கு நான் வைத்த களிமண். அதில் கந்தகம் இருந்தது, பிளாட்டினம் சேர்த்துக் கெட்டிப்படும் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. அந்தக் களிமண்ணைச் சீரான பட்டையாகப் பிழிய முறுக்கு உழக்கை எடுத்தேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன். புது உழக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று.

என் அப்பா சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் மகன் காசு கொடுத்துச் செயற்கை ரப்பர் வாங்கி ஊற்றுகிறான். அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று தெரியும், இங்கே எழுத முடியாது. ஆனால் எண்ணெய் படும் இடத்தில் மரத்து ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்தான் நிற்கும். அதே நைட்ரைலைப் பிரேக் எண்ணெயில் போடாதீர்கள், அங்கே வேறு ரப்பர்.

16 டிசம்பர் 2024

பிரேக் என்று ஒரு வார்த்தை எழுதியதும் தம்பி பிடித்துக்கொண்டார். சக்கரச் சிலிண்டரை அவரே கடைந்து, ரப்பர் வாஷரும் வார்த்துப் போடலாமா என்று கேட்கிறார்.

கூடாது. சிலிண்டரின் உள்பக்கம் குழி விழுந்திருந்தால் அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுத்து ஸ்டெயின்லெஸ் குழாய் இறக்கலாம். ரப்பரை வாங்குங்கள். ஸ்டியரிங் மூட்டும் அப்படித்தான். லேத்தில் என்னால் செய்ய முடியுமா என்றால் முடியும், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியும் நாளில் உங்களுக்கு முன்னால் ஒரு லோரி நிற்கும். கைப்பிடி உடைந்தால் மழையில் நனைவோம், அவ்வளவுதான்.

15 ஜனவரி 2025

பொங்கல் முடிந்து பட்டறை திறந்தேன். தைப்பிங் நண்பர் ஒருவரின் காடி, கண்ணாடி ஏற்றும் பெட்டிக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம், 17 பல், மூன்று பல் போய்விட்டது.

வெளி விட்டம் 19.8 மி.மீ. இது எந்தக் கணக்கு? வெளி விட்டத்துக்குப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்ட வேண்டும். மெட்ரிக், மாட்யூல் 1 (ஒரு பல்லுக்கு விட்டத்தில் 1 மி.மீ.) என்றால் 17-உம் 2-உம் 19 மி.மீ. தேய்ந்த சக்கரம் பெரிதாகாது, ஆகவே அது இல்லை. அங்குலக் கணக்கில் 24 டிபி (விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு 24 பல்) என்றால் 19-ஐ 24-ஆல் வகுத்தால் 0.792 அங்குலம், 20.1 மி.மீ. தேய்ந்து 19.8. பொருந்துகிறது. பல்லின் ஓரத்தில், எதிர்ச்சக்கரம் எட்டாத ஒரு மி.மீ. இடத்தில் அளந்தேன், 20.08. அவ்வளவுதான் வேண்டும்.

வெட்டுவதற்கு 17 முதல் 20 பல் வரைக்கான 6-ஆம் எண் கட்டர். சக்கரத்தைச் சம பங்காகத் திருப்பும் பிரிப்புத் தலையில் கைப்பிடி 40 சுற்றினால் சக்கரம் 1 சுற்று, ஆகவே ஒரு பல்லுக்கு இரண்டு முழுச் சுற்றும் 17 துளை வட்டத்தில் 6 துளையும். சொல்லச் சுலபம். பதினொன்றாவது பல்லில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி ஒன்று கேட்டார், நான் பதில் சொன்னேன், இரண்டுக்குப் பதில் மூன்று முழுச் சுற்று சுற்றிவிட்டேன். கடைசிப் பல் காகிதம் மாதிரி வந்தது. இரண்டாவது சக்கரம் சுத்தமாக வந்தது, ஆனால் மாட்டினால் கரகரவென்று கடித்தது. பல்லின் அழுத்தக் கோணம், அதாவது பக்கச் சரிவு, 20 டிகிரி என்று எடுத்துக்கொண்டேன், பழசு 14½. கட்டரை மாற்றி மூன்றாவது. இப்போது சத்தமில்லை.

ஒரு சக்கரத்துக்கு மூன்று நாள். நண்பர் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். சொன்னால் காடியையே எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

13 பிப்ரவரி 2025

கைப்பிடி முலாம் கடையிலிருந்து வந்துவிட்டது, சீனப் புத்தாண்டுக்குக் கடை மூடியதில் மூன்று வாரம் தாமதம். அது பரவாயில்லை. கழுத்தில் இருந்த கூர்மையான வரம்பைப் பஃப் சக்கரத்தில் தேய்த்துச் சோப்புக் கட்டி மாதிரி உருட்டிவிட்டார்கள். மெருகேற்றும் வேலையை நானே முடித்துக் கொடுத்து, "தேய்க்க வேண்டாம், முலாம் மட்டும்" என்று சீட்டு எழுதிக் கட்டியிருந்தேன். சீட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தது. குரோம் என்பது ஒரு மைக்ரான்கூட இருக்காது, அடியில் என்ன உருவம் இருக்கிறதோ அதுதான் தெரியும். தேறிய இரண்டாவது வார்ப்பை வேறு கடைக்குக் கொடுத்தேன். வீட்டில் நிக்கல் செய்யலாம். குரோம் அமிலத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

தைப்பூசக் கூட்டத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தம்பியை நேரில் பார்த்தேன், காவடி தூக்கிய சின்னம்மா மகனோடு வந்திருந்தார். கூட்டத்தில் நின்றுகொண்டே வலது கைப்பிடியையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார், முலாம் நிறம் ஒத்துப் பார்க்க.

9 மார்ச் 2025

இரண்டாவது வார்ப்பு அருமையாக வந்தது, தம்பி மாட்டிவிட்டார். வலது கைப்பிடியையும் அவரிடம் திருப்பி அனுப்பியாயிற்று. நேற்று அவரிடமிருந்து ஒரு செய்தி: "முன்கதவு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு அங்கிள். ஆனா பின்கதவுல இருக்கிறதை அளந்தா 85.7 வருதே?"

85.7 என்பது மூன்றேமுக்கால் எட்டாவது... இருங்கள், சரியாகச் சொல்கிறேன். மூன்று அங்குலமும் எட்டில் மூன்றும். வரைபடத்து எண்.

என் 84.4 எந்தப் பின்னமும் இல்லை. செப்டம்பரில் அந்த எண்ணை இங்கே நானே எழுதினேன், ஆகஸ்டில் பின்னத்தை நம்பு என்று எழுதிய அதே கையால். 85.7-இலிருந்து ஒன்றரை சதவீதம் கழித்துப் பாருங்கள், 84.4.

தம்பியிடம் வலது கைப்பிடியின் சதுரத் துளைக்குள் அரத்தின் நுனியால் ஒரு கீறல் போட்டுப் படம் அனுப்பச் சொன்னேன். மஞ்சள். பித்தளை. அதனால்தான் அது உடையவில்லை, அதனால்தான் கனம். "கல்லு மாதிரி" என்று அவர் முதல் நாளே எழுதியிருக்கிறார், அந்தக் காலத்துச் சரக்கின் கனம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் கைப்பிடி மூன்று வாரம் என் மேசைமேல் இருந்தது, நான் குரோம் நிறத்தைத்தான் பார்த்தேன்.

தாத்தா காலத்தில் எவரோ ஒருவர், இங்கேயோ கோலாலம்பூரிலேயோ, உடையாத ஒரு கைப்பிடியையே மணலில் பதித்துப் பித்தளை ஊற்றியிருக்கிறார். சுருக்கத்துக்கு இடம் விடவில்லை. நான் அந்தச் சுருங்கியதற்குச் சுருக்கம் கணக்கிட்டு, 101.5 சதவீதம் போட்டு, துல்லியமாக அதையே செய்திருக்கிறேன்.

10 மார்ச் 2025

85.7-க்கு இன்னொன்று ஊற்றித் தரவா என்று கேட்டேன். வேண்டாமாம். முன்கதவு இரண்டும் ஜோடியாக இருக்கிறதாம், தாத்தாவின் கை பட்டது வலதுதானாம். பெடல் புஷ்ஷை மட்டும் அடுத்த வாரம் அனுப்புகிறார். தூள் வெண்கலமா என்று சூடு காட்டிப் பார்த்தாராம், வேர்த்ததாம்.